பருந்து பேசக்கூடாது

அந்த மாலின் இரண்டாம் தளத்தில், நகரும் படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு பொம்மைக் கடை. அதன் வாசலில் செம்பருந்தாக நிற்பதுதான் அவர் வேலை. படக்கதைப் புத்தகங்களில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த அதே செம்பருந்து. சிவப்பு இறக்கை, மஞ்சள் இடுப்புவார், மூக்குக்கு மேலே அலகு வைத்த முகமூடி.

ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணப் பேச்சு எப்போதோ வந்து எப்படியோ போய்விட்டது. வேறு ஊரிலிருக்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். "என்னடா, இன்னும் இறக்கையக் கட்டிக்கிட்டுத்தான் திரியிறியா? ஒரு நடை பறந்து வந்து என்னைப் பார்த்துட்டுப் போனா என்னவாம்?" என்பாள். இவர் சிரிப்பார். அவளும் சிரித்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போனை வைத்துவிடுவாள். அந்த வாரத்துக்கு வீட்டுப் பேச்சு அவ்வளவுதான். அவர் குடியிருந்த அறையில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். ஒரே ஒரு நாற்காலி. இன்னொன்று வாங்கிப்போடும் அவசியம் வந்ததில்லை.

ஆனால் வாசலில் நிற்கும்போது குறையில்லை. பிள்ளைகள் ஓடிவந்து விரலைப் பிடித்துக்கொள்ளும். ஐஸ்கிரீம் ஒழுகும் கை, பொம்மைக்காக அழுது மூக்கைத் துடைத்த கை, எல்லாம் வரும். சில பிள்ளைகள் பிடித்த விரலை விடவே விடாது. பெற்றவர்கள் பிரித்து எடுத்துப்போவார்கள். அந்தப் பிடிக்காகத்தான் அவர் காலையில் எழுந்து கிளம்பினார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு புதுப் படம் வந்தது. கடை மேனேஜர், அவரைவிட வயதில் சின்னவர், ஒரு பெட்டியோடு வந்தார்.

"அண்ணே, இனிமே நீங்க பறக்கமாட்டீங்க."

"ஏன் சார்?"

"புதுப் படத்துல பருந்துக்கு இறக்கை போயிடுச்சு. துப்பறியிறவரா ஆயிட்டாரு. மழையில நடக்குறாரு, சந்துல நிக்குறாரு, ஒருத்தரையும் நம்பமாட்டேங்குறாரு. படம் முழுக்கக் கருப்பு வெள்ளை."

"சிரிப்பாரா?"

"சிரிக்கமாட்டாரு, பேசமாட்டாரு. படக் கம்பெனிக்காரன் கண்டிஷனாவே சொல்லிட்டான். இன்னொரு கடையில ஒருத்தரு குழந்தைக்கு டாட்டா காட்டினாராம். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"சும்மா நிக்கணும். இப்ப சும்மா நிக்கிறதுதாண்ணே ஸ்டைலு."

கணுக்கால்வரை சாம்பல்நிறக் கோட்டு. கண்ணை மறைக்கும் தொப்பி, வாயை மறைக்கும் காலர். பக்கத்தில் அட்டையில் செய்த விளக்குக் கம்பம். காலடியில் விட்டுவிட்டுப் புகை கக்கும் ஒரு மெஷின். முதல் நாளே ஒரு பெண்குழந்தை அவரைப் பார்த்துவிட்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதது. பழக்கப்பட்ட பையன் ஒருவன் அவர் முன்னாலேயே நின்று, "அந்த மாமா எங்க போயிட்டாரு?" என்று அம்மாவைக் கேட்டான். அதன்பிறகு எந்தக் கையும் அவர் பக்கம் வரவில்லை.

வந்தவள் எதிரிலிருந்த செருப்புக் கடைப் பெண். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து, கம்பத்தை ஒட்டிய கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ரொட்டி தின்பாள்.

"உங்களுக்கும் எனக்கும் ஒரே பொழப்புதாங்க, நாள்பூரா நிக்கிறது. உங்களுக்காவது ஒரு கோட்டு குடுத்திருக்காங்க" என்றாள் முதல் நாள். அவர் அசையவில்லை. அசையாததே அவளுக்குத் தோதாகப்போயிற்று போலிருக்கிறது. தினமும் வந்தாள், தினமும் பேசினாள்.

"இன்னைக்கு ஒருத்தரு வந்தாரு. வலது கால் ஒரு சைஸு, இடது கால் ஒரு சைஸு. கடையவே கீழ இறக்கிப் போட்டேன். கடைசியில, 'பழைய செருப்பே நல்லாத்தான் இருக்கு'ன்னு போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. அவரைக் கட்டினவ புண்ணியவதி."

காலருக்குள் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவளுக்கு வார விடுமுறை வருகிற நாளில் அவருக்குப் பொழுது நகராது.

ஒரு நாள் அவள் டப்பாவைத் திறக்காமல் நின்றாள்.

"துப்பறியிறவர்தானே நீங்க? ஒரு கேஸ் இருக்கு. எங்க வீட்ல ஒரு மனுஷன் இருக்காரு. என்னைக் கட்டிக்கிட்ட மனுஷன்தான். மழைக்காலத்துலேருந்து எங்கூடப் பேசுறதில்ல. சண்டையும் இல்ல. சாப்பிடுறாரு, தூங்குறாரு, கரண்ட் பில்லு கட்டுறாரு. நான் என்ன தப்பு பண்ணேன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க." தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "தப்பு என்னன்னுகூட வேணாம். யாராவது வாயத் திறந்து ஒரு வார்த்தை கேட்டாப் போதும்."

அறைக்குப் போய் அவர் ஜன்னல் சுவரைப் பார்த்துச் சொல்லிப்பார்த்தார். 'நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா.' தீர்ப்புச் சொல்கிற மாதிரி இருந்தது. 'நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.' இது சினிமா வசனம். பேசினால் வேலை போய்விடும், இந்த வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போகிறார்கள்? ஆனால் பேசாமல் நின்றால், அவள் வீட்டில் ஒரு ஊமை, இங்கே ஒரு ஊமை என்று ஆகிவிடும். அந்த நினைப்புத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் அவள் வந்து சாய்ந்ததும் காலரை இறக்கினார், தொப்பியைத் தூக்கினார். சொல்லிப்பார்த்த எதுவும் வரவில்லை.

"சாப்டீங்களா?" என்றார். கரகரத்த குரல்.

அவள் துள்ளி விலகினாள். திறந்த டப்பா கையிலேயே இருந்தது. நரைத்த மீசையையும் வெளிச்சத்தில் சிமிட்டும் கண்களையும் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"இப்பதான்... சாப்பிடப்போறேன்."

"சரிம்மா."

"சொன்னது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"செருப்புக் கதையுமா?"

"அன்னைக்குச் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அவள் சிரித்தாள். சரியாகிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். அதற்குள் அவள் டப்பாவை மூடிவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. முகம் தெரியாம இருந்தப்ப வாய்க்கு வந்ததெல்லாம் வந்துச்சு. இனிமே வராது."

"ஏம்மா?"

"இப்ப நீங்க ஒரு ஆளு. ஒரு ஆளுகிட்டப் போயி வீட்டு விஷயத்தை எப்படிங்க பேசுறது?"

"நான் வேணா மறுபடி மூடிக்கிறேன்."

மூடிக்கொண்டார். மெஷின் ஒருமுறை புகையைக் கக்கியது. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு விறைத்து நின்றார். தொப்பி விளிம்புக்குக் கீழே அவளுடைய செருப்பு மட்டும் தெரிந்தது.

"இன்னைக்குக் கடையில..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். "முடியலீங்க" என்றாள், அவருக்காக வருத்தப்படுகிற குரலில். செருப்பு திரும்பி நடந்தது.

மேனேஜர் எதையும் பார்த்திருக்கவில்லை. யாரும் புகார் சொல்லவில்லை. வேலை போகவில்லை. மறுநாளிலிருந்து அவள் கடைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். சாயங்காலம் வேலை முடிந்து கோட்டைக் கழற்றிவிட்டு அவர் இறங்கும்போது, நகரும் படிக்கட்டில் எப்போதாவது எதிர்ப்படுவாள்.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பாள்.

"நல்லா இருக்கேம்மா. நீங்க?"

"இருக்கேங்க."

அதற்குமேல் இருவருக்கும் எதுவும் வராது. படிக்கட்டு ஒருவரை மேலேயும் ஒருவரைக் கீழேயும் கொண்டுபோய்விடும்.