முதல் குரூப்புக்கு ஆள் சேர்த்த இளமதி

இளமதிக்குக் கணக்கு நன்றாக வரும் என்று யாரும் சொன்னதில்லை. பத்தாம் வகுப்பில் அவள் கணக்கில் வாங்கிய மார்க் அப்படி ஒன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனாலும் ப்ளஸ் ஒன்னில் முதல் குரூப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முதல் குரூப் என்றால் கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர். எதற்கு அது என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாது.

"ஒரு பொருள் ஏன் வுழுது, எப்படி வுழுதுன்னு அதுலதாம்மா இருக்குது."

"வுழுந்தா எடுத்து வச்சிக்கடி. அதுக்கு என்னாத்துக்கு ரெண்டு வருஷப் படிப்பு?" என்றாள் அம்மா அம்புஜவல்லி. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் அச்சில் களிமண் கூழ் ஊற்றிப் பொம்மை எடுக்கிற வேலை அம்மாவுக்கு. அங்கே கீழே விழுந்தால் எடுத்து வைக்க எதுவும் மிஞ்சாது. அதை இளமதி சொல்லவில்லை.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி, டவுனில் உள்ள அரசுப் பெண்கள் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். அவர் உட்காரக்கூடச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டார். கணக்கு என்றாலே பிள்ளைகள் ஓடுகிறார்கள். இந்த வருஷம் முதல் குரூப் கேட்டு வந்தது நாலே பேர். பத்துப் பேராவது சேராவிட்டால் அந்த வகுப்பை நடத்த முடியாது.

"பேசாம காமர்ஸ்ல சேந்துக்கம்மா."

"ஆள் கூட்டிட்டு வந்தா நடத்துவீங்களா மிஸ்?"

அவர் சிரித்துவிட்டார். "கூட்டிட்டு வா, பாக்கலாம்."

விளையாட்டாகச் சொன்னதை இளமதி அப்படியே பிடித்துக்கொண்டாள். கூடப் படித்தவர்கள், கூடப் படித்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள். அவளிடம் இருந்த சரக்கு ஒரே வார்த்தைதான். "ஈஸிடி."

மங்கலம்பேட்டை ஹாஜிராவின் அத்தா குவைத்தில் இருந்தார். வீடியோ காலில் அவரே இளமதியை விசாரித்தார்.

"நீ டீச்சராம்மா?"

"இல்லீங்க, நானும் சேரப்போற பொண்ணுதான்."

"அப்போ ஈஸின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அக்கா படிச்சாங்க."

இளமதிக்கு அக்காவே கிடையாது.

பத்தாவது ஆளாக வந்தவள் கனிமொழி. அதிகம் பேசாத பெண். அப்பா நல்லமுத்து ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா மாரியம்மாளுக்கு அதே செராமிக் கம்பெனியில், அம்புஜவல்லிக்குப் பக்கத்து இடத்தில் வேலை. காய்ந்த பொம்மைகளின் ஓரப் பிசிறைத் தேய்த்து எடுப்பாள். அந்தப் பழக்கத்தில்தான் பெண்ணை அனுப்பினார்கள். வகுப்பு தொடங்கியது.

ஈஸி என்று சொன்ன வாய்க்கு அதை ஈஸியாக்கிக் காட்டும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. பாடமோ கணங்கள், சார்புகள், முக்கோணவியல், இயக்கவியல் என்று முதல் மாதத்திலேயே மூச்சு முட்ட வைத்தது. இளமதி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னால் ஒரு மார்க் கேள்விகள் இருக்கும். கீழே நாலு விடைகள், அதில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேள்வி எதற்கு, விடை எதற்கு? வரிசையாக எழுத்தை மட்டும் மனப்பாடம் பண்ணினால் போதுமே. "ஏ டி டி பி, சி ஏ ஏ சி" என்று மெட்டுப் போட்டுக் கொடுத்தாள். பத்துப் பேரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைதட்டிப் பாடினார்கள். பக்கத்து காமர்ஸ் வகுப்புப் பெண்கள் ஜன்னலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மிட் டேர்ம் தேர்வில் கேள்விகள் புத்தகத்தில் உள்ளவைதான். விடைகளை மட்டும் இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். அது தெரியாமல் பத்துப் பேரும் பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே எழுத்தை எழுதிவிட்டு வந்தார்கள்.

இயற்பியல் டீச்சர் சிவசங்கரி விடைத்தாள்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார். "ஒருத்திகூட மாத்தித் தப்பு பண்ணலியே. எல்லாருக்கும் ஒரே தப்பு. காப்பி அடிச்சிருந்தாக்கூட இவ்ளோ ஒத்துமையா வராதுடி."

இளமதி கணக்கிலும் இயற்பியலிலும் ஃபெயில். கனிமொழியும் ஃபெயில்.

மறுநாள் கம்பெனியில் மாரியம்மாள், அம்புஜவல்லியோடு சேர்ந்து சாப்பிடாமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். "உம் பொண்ணு பேச்சக் கேட்டு எம் பொண்ணு வாழ்க்க வீணாவுது. திங்கக்கெழம அவ அப்பா ஸ்கூலுக்குப் போயி காமர்ஸுக்கு மாத்தப்போறாரு" என்றாள். அம்புஜவல்லி வீட்டுக்கு வந்து அதை மகளிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இளமதிக்குக் கணக்குப் போடத் தெரியாவிட்டாலும் இந்தக் கணக்கு புரிந்தது. கனிமொழி போனால் ஒன்பது. ஒருத்தி போனால் மற்ற வீடுகளிலும் அதே பேச்சு கிளம்பும். வகுப்பே கலைந்துவிடும்.

ஞாயிறு காலை கனிமொழி வீட்டுக்குப் போனாள். வாசலில் நல்லமுத்து ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாம்மா ஏஜென்டு. இன்னிக்கி யாரப் புடிக்க வந்த?"

"கனியப் பாக்க வந்தேன் சித்தப்பா."

"உள்ளதான் இருக்குது. பாட்டு கீட்டு பாடாம பேசிட்டுப் போ."

கனிமொழி நடையில் அம்மாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. இளமதி தயாராக வந்த பேச்சை ஆரம்பித்தாள். அடுத்த தேர்வில் பார்த்துக்கொள்ளலாம், கேள்வித்தாளில் சூது பண்ணிவிட்டார்கள், மற்றபடி...

"ஈஸின்னு சொல்லப்போறியா?" என்றாள் கனிமொழி. "ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். மேல தூக்கிப் போட்ட பொருள் உச்சிக்குப் போனதும் அதோட முடுக்கம் என்னா? எழுத்தச் சொல்லாத. பதிலச் சொல்லு. ஏன்னு சொல்லு."

முடுக்கம் என்றால் வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பது. அது வரைக்கும் இளமதிக்குத் தெரியும். "உச்சியில போயி ஒரு நொடி நிக்குது. நின்னா ஜீரோதானே?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். புஸ்தகத்துல ஒன்பது புள்ளி எட்டுன்னு இருக்குது. கீழ வுழும்போது எவ்ளோவோ அதே அளவு."

வாசலிலிருந்து நல்லமுத்து குரல் கொடுத்தார். "நின்னா ஜீரோதாம்மா. நா தெனம் பிரேக் புடிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

கனிமொழி ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மேலே போட்டுப் பிடித்தாள். மறுபடி போட்டாள். இளமதியும் அவள் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"பிரேக் புடிச்சா வண்டி நின்ன எடத்துலயே நிக்குது. இது ஏம்ப்பா நிக்கல?"

"அது பிரேக் ஃபெயிலியரு வண்டி" என்றார் நல்லமுத்து.

கனிமொழி சிரிக்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "வேகம்தான் ஜீரோ ஆவுது. இழுக்குறது நிக்கவேயில்ல. அந்த எடத்துல இழுப்பும் ஜீரோ ஆயிட்டா, கீழ வரணும்னு வெங்காயத்துக்குச் சொல்ல யாரு இருக்கா? அங்கயே தொங்கிட்டிருக்கும்."

"தொங்குனா தொங்கட்டும், உரிக்கிற வேலயாவது மிச்சம்" என்றாள் மாரியம்மாள் உள்ளேயிருந்து.

இளமதி அந்த வெங்காயத்தை வாங்கி ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். ஒரு பொருள் ஏன் விழுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வகுப்புக்கு வந்தாள். வந்த பிறகு அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்திருக்கிறாள்.

"எனக்கு இது தெரியாதுடி. எதுவுமே தெரியாது. வகுப்பு நடக்கணுமேன்னு ஈஸின்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"கஷ்டம்னா வருவீங்களா?"

"கஷ்டம்னு சொல்லியிருந்தா நா படிச்சிருப்பேன்ல" என்றாள் கனிமொழி. "ஈஸின்னு நீ சொல்லி, எனக்குப் புரியலன்னதும் நாந்தான் மக்குன்னு நெனச்சிக்கிட்டேன். யாருகிட்டயும் கேக்கவேயில்ல."

நல்லமுத்து துணியைப் பிழிந்தார். இளமதி கையிலிருந்த வெங்காயத்தை வாங்கி, அவரும் மகள் போட்டதுபோல் மேலே போட்டுப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் சரி. இதுக்கும் பாஸ் ஆவறதுக்கும் என்னா சம்பந்தம்? நாளைக்கு ஸ்கூலுக்கு வரேன்" என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை சொன்னபடி வந்தார். தலைமையாசிரியர் அறை வாசலில் இளமதி நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

"குரூப் மாத்திடலாமா?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

நல்லமுத்து மகளைப் பார்த்தார். "நீயே சொல்லு. அப்புறம் என்னியச் சொல்லக் கூடாது."

"மாத்தல மிஸ்" என்றாள் கனிமொழி. "ஆனா மதியத்துல எங்களுக்கு லேபத் தொறந்து வுடணும். கிளாஸ்ல ஒரு தடவ சொன்னா எனக்குப் புரியல. போட்டுப் பாக்கணும்."

அந்தப் பெண் அந்த அறையில் அவ்வளவு பேசியது தலைமையாசிரியருக்கே ஆச்சரியமாக இருந்தது. சிவசங்கரி டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார். டீச்சர் மதியம் தானே கூட இருப்பதாகச் சொன்னார். "காலாண்டு வரைக்கும் பாக்குறேங்க" என்று நல்லமுத்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

அன்று முதல் மதியம் சாப்பிட்டதும் பத்துப் பேரும் லேபில் இருந்தார்கள். ஒரு விடையைச் சொன்னால் ஏன் என்றும் சொல்ல வேண்டும் என்பது கனிமொழி போட்ட சட்டம். பாதி நாள் சண்டையில் போயிற்று. ஒரு கேள்விக்கே மணி அடித்துவிடும். யாரும் கைதட்டிப் பாடவில்லை என்பதால் ஜன்னலுக்கு வேடிக்கை பார்க்கவும் ஆள் வரவில்லை.

காலாண்டில் கனிமொழி இரண்டு பாடத்திலும் பாஸ். நல்லமுத்து அதற்குப் பிறகு பள்ளிப் பக்கம் வரவில்லை. இளமதி இயற்பியலில் நன்றாகவே எழுதியிருந்தாள். கணக்கில் கொஞ்ச மார்க்கில் தவறிவிட்டது.

விடைத்தாள் கொடுத்த அன்று சாயங்காலம் அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கனிமொழி வழியில் காலை நீட்டி மறித்தாள்.

"உக்காரு. எங்க தப்பு வந்துதுன்னு பாக்கலாம்."

"எல்லாரும் போறாங்க கனி. எனக்கும் பஸ்ஸு போயிடும்."

"அடுத்த பஸ்ஸு இருக்குது."

இளமதி பையை இறக்கி வைத்து விடைத்தாளை விரித்தாள். முதல் தப்பு முதல் பக்கத்திலேயே இருந்தது.