விசாலம் அறுத்த ரப்பர் துண்டு

அன்று காலை ஸ்ரீவராகத்து எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் கணவர் ராமநாதன், மகன் ஸ்ரீதரன், என் நாத்தனார் விசாலம். நடுவில் எங்கள் பழைய கார். அதன் அடியில் பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பது வருஷம் ஆகிறது. என் கணவர் போயும் நாளாயிற்று. போன வாரம் விசாலமும் போய்விட்டாள். கரமனையிலிருந்து அவள் பக்கத்து வீட்டுக்காரர் ஃபோன் செய்தபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீதரன் வந்து சொன்னான். தோசையைத் திருப்பிப் போட்டேன். வெந்ததும் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

அவளோடு ஆபீசில் டைப் அடித்தவர்கள் அவளைப் பற்றி நல்லதாக எழுதுவார்கள். நான் நாலாம் கிளாஸ். என் எழுத்தில் பிழை இருக்கலாம், நடந்ததில் இருக்காது.

அன்று விடிந்ததும் வள்ளியூரிலிருந்து என் அண்ணா கூப்பிட்டான். "அம்மாவுக்கு நினைவு வந்து வந்து போறது. உன்னைத்தான் கேக்கறா. மத்யானத்துக்குள்ள வந்துடு." இங்கே அன்று ஹர்த்தால். பஸ் இல்லை, டாக்சி இல்லை, ஒர்க்‌ஷாப் எல்லாம் அடைப்பு. சொந்தக் கார்தான் கதி. அதுதான் ஒழுகியது. செய்தி கேட்டு விசாலம் கரமனையிலிருந்து நடந்தே வந்தாள். அவள் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் அவர்கள் காரை ஓட்டியதும் அவள்தான், ரிப்பேர் பார்த்ததும் அவள்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள்.

"அக்கா, இது டைப்ரைட்டர் இல்லை" என்றார் என் கணவர்.

"தெரியும்டா. டார்ச்சைப் பிடி, வாயை மூடு."

ஆனால் உடனே கை வைக்கவில்லை. ஸ்ரீதரன் முன்பே எஞ்சினை ஓட்டிப் பார்த்திருந்தான். அரைமணி நேரம் சும்மா நின்றாள். நான் துடித்தேன். "சூடா இருக்கறச்சே எந்த மூடியையும் திறக்கப்படாது பாரூ. மூஞ்சியில துப்பிடும்" என்றாள்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸின் நுனியில்தான் விரிசல். கிளிப்பைத் தளர்த்தி, என் காய் நறுக்கும் கத்தியை வாங்கி, ஓர் அங்குலம் அறுத்து எறிந்தாள். மிச்சத்தை இழுத்து மாட்டிக் கிளிப்பை முறுக்கினாள். ஆறவைத்த வெந்நீரை ரேடியேட்டரில் ஊற்றி, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டுக் குமிழி அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதி அத்தை, மதி! போறும், நேரமாறது" என்றான் ஸ்ரீதரன்.

"உனக்கு மதி. எஞ்சினுக்குப் போதலை."

கடைசியில் மூடியைப் போட்டாள். "இது ரெண்டு இடத்துல நிக்கும். ரெண்டாவது நிறுத்தம் வரைக்கும் திருகினாத்தான் மூடினதா அர்த்தம். வழியில திறக்காதே" என்று அவனிடம் சொன்னாள். கத்தியைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனாள். அதையும் நான் மறக்கவில்லை.

ஸ்ரீதரன் ஓட்டினான். நெய்யாற்றின்கரை தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தை பண்ணின வேலையை ஒருதரம் திறந்து பாத்துடுடா" என்றேன். காரை நிறுத்தி, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திறந்தான். ஆவி சீறியது. துள்ளி விலகி, மறுபடி மூடினான். "சரியாத்தாம்மா இருக்கு."

களியக்காவிளையில் மாநில எல்லை தாண்டிக் கார் புகைந்து நின்றது. அந்தப் பக்கம் ஹர்த்தால் இல்லை, மெக்கானிக் கிடைத்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று. வள்ளியூர் போய் இறங்கியபோது அம்மாவைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். "இப்போதான். வாசலையே பாத்துண்டிருந்தா" என்றான் அண்ணா.

காரியங்கள் முடிந்து திரும்பிய மறுநாள் விசாலம் துக்கம் கேட்க வந்தாள். எல்லோர் எதிரிலும் சொன்னேன்: "ரப்பரை அறுக்கற கை, என் அம்மா முகத்தையும் எனக்கு இல்லாம அறுத்துடுத்து." அவள் என்னைப் பார்க்கவில்லை, ஸ்ரீதரனைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அதன்பின் விசேஷங்களில் "வா", "போய்ட்டு வா", அவ்வளவுதான் பேச்சு. எங்கள் கார் பக்கம் அவள் வரவே இல்லை.

அவளை எரித்துவிட்டு வந்த அன்று ஸ்ரீதரன் குளித்து ஈரத்தோடு சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

"அந்த மெக்கானிக் அன்னிக்கே சொன்னார்மா. ஹோஸ் நன்னா இருக்கு, மூடிதான் பாதி திருகியிருக்குன்னு. ஊருக்குத் திரும்பின அன்னிக்கே அத்தைகிட்ட போய்ச் சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"'உங்கம்மாகிட்ட சொல்லாதே. நாத்தனார் மேல கோபம் லோகத்துல எல்லாருக்கும் இருக்கு, அவ அதோட இருந்துடுவா. பிள்ளை மேல வந்தா எங்கடா போய் இருப்பா?'ன்னா."

அறுத்து எறிந்த அந்தத் துண்டை வள்ளியூரிலிருந்து திரும்பியதுமே வாசலில் பொறுக்கி அலமாரியில் வைத்திருந்தேன். சாட்சிக்கு. ஒன்பது வருஷமாக அங்கேயே இருக்கிறது. இப்போதுதான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அறுத்த இடம் நேராக இருக்கிறது. விரிசல் முழுவதும் இந்தத் துண்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஒரு நூல்கூட அந்தப் பக்கம் போகவில்லை. அவளுடையது என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். இனியும் வைத்திருப்பேன்.

ஸ்ரீதரனை மன்னித்துவிட்டேன். திறந்து பார் என்று சொன்ன வாய் என்னுடையது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் கரமனை எட்டும் தூரம்தானே. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் நடந்தே போயிருப்பேன். எனக்கு எது தாங்கும் என்று என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டுப் போய்விட்டாள். நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான். விசாலம்.