பெயர் கொடுத்த மாலை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிட்னியின் மெரிலேண்ட்ஸில் ஒரு வாடகை வீட்டில் என் தங்கையும் அவளுடைய மூன்று வயது மகளும் நானும் குடியிருந்தோம். தங்கையின் கணவர் இன்னும் கொழும்பில் இருந்தார். நான் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்தேன். என் கடவுச்சீட்டு குடிவரவு அலுவலகத்தில் இருந்தது. பகலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டினேன். தங்கைக்கு முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை கிடைத்ததும், பிள்ளையை எங்கள் தெருமுனையில் இருந்த சைல்ட்கெயர் என்ற குழந்தைகள் காப்பகத்தில் சேர்ப்பதென்று முடிவாயிற்று.

சேர்ப்பதற்கு அவர்கள் கேட்டவை எங்களைத் திகைக்க வைத்தன. பிறப்புச் சாட்சிப்பத்திரம், தடுப்பூசி அட்டை, தாய் தகப்பனின் பெயரும் பிறந்த நாடும், தகப்பன் இருக்குமிடம், வீட்டில் பேசும் மொழி, சமயம். ஈற்றில், தாயைத் தவிரப் பிள்ளையை அழைத்துச் செல்லத் தகுந்தவர்கள் யார், அவர்களின் முழுப்பெயர் என்ன, விலாசம் என்ன.

"பிள்ளையைப் பாக்கிறதுக்கு இவைக்கு இதெல்லாம் என்னத்துக்கு அண்ணா?" என்றாள் தங்கை. "சாதகம் மட்டுந்தான் கேக்கேல்லை."

"கேட்டால் குடுப்பம். ராசி நல்லதுதானே."

அவள் சிரிக்கவில்லை. கணவரின் விலாசத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டாள். தகுந்தவர்கள் என்ற பகுதிக்கு வந்ததும் பேனையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"என்ரை பேரைப் போடன். நான்தானே இஞ்சை இருக்கிறன்."

"வேண்டாம். உங்கடை அலுவல் முடியட்டும்."

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. கொழும்பில் நாங்கள் தங்கியிருந்த வீட்டில், கூரையின் கீழ் உறங்கும் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிப் பொலிஸில் பதிய வேண்டும். கையெழுத்து அழகென்று தங்கைதான் எழுதினாள். ஒரு விடியலில் அதே தாளோடு வந்தார்கள். எங்கள் இளைய தம்பியின் பெயரை அவள் எழுதிய எழுத்திலிருந்தே வாசித்து, அவனைக் கூட்டிச் சென்றார்கள். பல மாதங்கள் கழித்துத் திரும்பியவன் பேச்சை மிகவும் குறைத்துக்கொண்டிருந்தான். அதன்பின் எந்தத் தாளிலும் வீட்டாரின் பெயரை எழுத அவளுக்குக் கை வருவதில்லை. என் பெயரை விட்டது அன்பினால் என்பதை நான் அறிவேன்.

குளிர்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நான் வேலையால் வந்து, குளித்து, திருநீறிட்டு, விளக்கேற்றிப் பதிகம் ஓதி முடித்தேன். வழக்கமாக அதற்குள் தாயும் மகளும் வந்துவிடுவார்கள். அன்று வரவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஆறு மணிக்குச் சைல்ட்கெயரை மூடிவிடுவார்கள் என்பது நினைவுக்கு வந்ததும், வேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

பிள்ளை கண்ணாடிக் கதவின் பின்னால் தொப்பியும் பையுமாக நின்றாள். என்னைக் கண்டதும் "மாமா!" என்று ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த மேற்பார்வையாளர், செம்பட்டை மயிர் கொண்ட நடுவயது அம்மையார், மெல்ல அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். நான் யார் என்று கேட்டார்.

"அவளுடைய அங்கிள்" என்றேன்.

அவர் வருத்தத்தோடு புன்னகைத்தார். இந்தப் பிள்ளைக்கு எல்லோரும் அங்கிள்தான் என்றார். காரில் கொண்டுவந்து விட்டவரும் அங்கிள், மளிகைக் கடைக்காரரும் அங்கிள், நேற்று மின்விளக்கு மாற்ற வந்தவரும் அங்கிள்.

அப்போது தன் மகனை அழைத்துப் போக வந்திருந்த சென்னைப் பெண் ஒருத்தி எங்களுக்கு நடுவில் வந்தாள். "என்ன அங்கிள், என்ன பிரச்சினை?" என்றாள்.

மேற்பார்வையாளர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களும் இவருடைய மருமகளா?" என்றார்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. மாமா என்றால் தாயின் உடன்பிறந்தவன் என்று அவள் விளக்கினாள். அப்படியானால் தாயின் பெயரும் இவர் பெயரும் ஒன்றாக இருக்குமே என்றார் மேற்பார்வையாளர். இல்லை; தங்கை கணவரின் பெயரைத் தாங்குகிறாள், நான் எங்கள் தகப்பனாரின் பெயரைத் தாங்குகிறேன். படம் உள்ள அத்தாட்சி ஏதேனும் உண்டா? இல்லை. என் முகத்தைத் தாங்கிய ஒரே தாள் அரசாங்கத்திடம் இருந்தது.

"அவங்க ரூல்ஸ் அப்படி அங்கிள்" என்றாள் சென்னைப் பெண், குரலைத் தாழ்த்தி. "உங்க பேரு ஃபைல்ல இல்லையாம். ஆறு மணிக்கு மேல அம்மா வரலேன்னா, ஃபோன்லயும் கிடைக்கலேன்னா, போலீஸுக்குச் சொல்லணுமாம். பயப்படாதீங்க, இங்க போலீஸ் நல்லவங்கதான்."

பயப்படாதீங்க என்ற சொல்லுக்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பொலிஸ் வந்தால் முதலில் என் பெயரைத்தான் கேட்கும். பெயருக்குப் பின்னால் விண்ணப்பம், விண்ணப்பத்துக்குப் பின்னால் திருப்பி அனுப்பும் விமானம் என்று மனம் தானாக ஓடியது. போய்விடலாம், தங்கை எப்படியும் வருவாள் என்றுகூட ஒரு கணம் எண்ணினேன். ஆனால் நான் போய், அவளும் வராவிட்டால், பிள்ளை சீருடைக்காரர்களோடு வண்டியில் ஏற்றப்படுவாள். அதை எண்ண முடியவில்லை. அங்கிருந்த குழந்தைகளின் சிறு கதிரையொன்றில் அமர்ந்தேன். நாவில் பதிகம் எழுந்தது. ஆனால் அடி தொடரவில்லை. ஆண்டுக்கணக்காக ஓதியது பாதியில் அறுந்து நின்றது.

ஆறு மணி ஆகும் தறுவாயில் தொலைபேசி ஒலித்தது. தங்கைதான். வரும் வழியில் ரயில் பாதையிலேயே நின்றுவிட்டதாம். இப்போதுதான் ஒரு ஸ்டேஷனில் இறக்கிவிட்டிருக்கிறார்கள், அங்குள்ள பொதுத் தொலைபேசியில் நிற்கிறாளாம். மேற்பார்வையாளர் கோப்பைத் திறந்து, பிள்ளையின் பிறந்த தேதியையும் தடுப்பூசி போட்ட மருத்துவரையும் அவளிடம் கேட்டுச் சரிபார்த்தார். பின், ஓர் ஆளின் பெயரை நீங்கள் வாயால் சொன்னால் போதும், அவர் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு பிள்ளையை விடுகிறேன் என்றார்.

தங்கை என்னோடு பேசவேண்டும் என்றாளாம். தொலைபேசி என் கைக்கு வந்தது.

"அண்ணா, பேர் குடுக்காதேங்கோ. நான் ஓடி வாறன்."

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"பஸ் வந்தால்..." என்றவள் அதை விட்டுவிட்டாள். "அண்ணா, எழுத விடாதேங்கோ."

"பிள்ளை தொப்பி போட்டுக்கொண்டு நிக்குது. பொலிஸைக் கூப்பிடப்போகினம். நீ என்ரை பேரைச் சொல்லு."

காசு முடியும் ஒலி கேட்டது. தொலைபேசியை மேற்பார்வையாளரிடம் நீட்டினேன்; அந்த அவசரத்தில் அவள் என் பெயரைச் சொன்னாள்.

மேற்பார்வையாளர் பேனையை எடுத்தார். பதிகம் பாடிய பெரியோர் தம் கடைசிப் பாட்டில் ஊரையும் பெயரையும் சொல்லி நிறுத்துவது மரபு. இளமை முதல் அதை யாப்பின் ஓர் ஒழுங்காக மட்டுமே கருதி ஓதி வந்தவன் நான். இன்ன ஊரான், இன்ன பெயரான் என்று ஒருவன் கூசாமல் சொல்வதற்கு, தான் யார் முன் நிற்கிறோம் என்ற தெளிவு அவனுக்கு இருக்க வேண்டும். அவர்களுக்கு அது இருந்தது. எனக்கோ அந்த அம்மையார் யார், அந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்பதே தெரியாது. தெரியாமலே சொன்னேன்: என் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த ஊர், இருக்கும் வீட்டின் இலக்கம். பிறந்த ஊரை அவர் கேட்கவேயில்லை.

தங்கை வீடு வந்தபோது பிள்ளை பாலும் சோறும் உண்டுகொண்டிருந்தாள். அவளை வாரி அணைத்தபடியே என்னைப் பார்த்தாள்.

"முழுப்பேரும் குடுத்தனீங்களோ?"

"ஓம்."

"விலாசமும்?"

"ஓம்."

அதன்பின் வாசலில் எந்தக் கார் நின்றாலும் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்துவோம். ஒருவரும் வரவில்லை. ஆனால் வராததை நம்புவதற்குக் காலம் எடுத்தது.

அடுத்த திங்கட்கிழமை பிள்ளையை விடப் போனபோது, அந்தத் தாளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று தங்கை மேற்பார்வையாளரைக் கேட்டாள். நான் வெட்கிப்போனேன். அந்த அம்மையார் தவறாக எண்ணவில்லை. எங்களை அலுவலக அறைக்குள் அழைத்துச் சென்று, சாம்பல் நிற இரும்பு அலுமாரியைக் காட்டி, திறந்து, மூடி, சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக் காட்டினார். தங்கை பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

"பூட்டு நல்ல பூட்டுத்தான்" என்றாள் என்னிடம். பின் புதிய தாளொன்றைக் கேட்டு வாங்கி, என் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள். எழுத்துகள் கொழும்பில் எழுதியவை போல அழகாக இருக்கவில்லை.

பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரை, ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஏதாவது சாட்டுச் சொல்லி அந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள்.