இருட்டறையில் தூங்கியவள்

கடந்த ஆண்டு ஆயுதபூஜைக்கு முந்தின நாள் அது. கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் ஆசிரியை. பருவத்தின் நடுப்பகுதி வந்துவிட்டால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. உள்மதிப்பீட்டுத் தேர்வு, விடைத்தாள், ரெக்கார்டு நோட்டு எல்லாம் ஒன்றாக வந்து சேரும். மறுநாளிலிருந்து நான்கு நாள் விடுமுறை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அந்த ஆறுதலும் காலையிலேயே போய்விட்டது. சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள், "இந்த லீவுக்கு நான் வரலம்மா. நல்லாத் தூங்கணும்" என்று போனில் சொன்னாள்.

"இங்க வந்து தூங்கேன்."

"நம்ம வீட்டுலயா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருடம் முழுக்க, காலை நான்கு மணிக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியவள் நான். அவள் நன்றாக வர வேண்டும் என்ற பயம்தான் காரணம். ஆனால் அந்தச் சிரிப்பு என்னைக் குத்தியது.

அந்த எரிச்சலோடு வகுப்புக்குப் போனேன். முதல் பெஞ்சில் ஒரு மாணவி கொட்டாவி விட்டாள். பசுவந்தனைப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. "ராத்திரி பூரா போன்தானா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் குனிந்துகொண்டாள். ஒளியைப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அவளுக்கு ரீடிங் ஒன்று பாக்கி இருந்தது. இன்றைக்கே முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

அந்தக் கருவிக்கென்று ஆய்வகத்தின் கோடியில் ஒரு இருட்டறை உண்டு. ஜன்னல் கிடையாது. கதவுக்கு உள்ளே கறுப்புத் திரை. செய்முறை வகுப்பு முடியும்வரை எல்லோரும் போனை என் மேஜைத் தட்டில் வைத்துவிட வேண்டும்.

பிற்பகலில் ஆய்வகத்திலேயே பூஜை. கருவிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்தோம். ஒரே இரைச்சல். ஆய்வக உதவியாளர் விடுப்பில் இருந்ததால் நான்தான் பூட்ட வேண்டும். வெளியே பேருந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. இருட்டறைத் திரையை விலக்கிப் பார்த்தேன். கருவிக்கான சோடியம் விளக்கு அணைந்திருந்தது. யாரும் இல்லை என்று நினைத்து அந்தக் கதவைப் பூட்டினேன். தட்டில் ஒரே ஒரு போன் கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று பீரோவில் வைத்துவிட்டு ஆய்வகத்தையும் பூட்டினேன். அவசரத்தில் சாவியை அலுவலகத்தில் கொடுக்கவில்லை.

வீட்டில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது, காலையில் கொட்டாவி விட்ட அந்தப் பிள்ளையின் அம்மா போனில் கூப்பிட்டார். வகுப்பாசிரியை என்பதால் பெற்றோரிடம் என் எண் உண்டு.

"மிஸ், பிள்ள பஸ்ஸுல வரலையே. போன் அடிச்சுக்கிட்டே கெடக்கு, எடுக்க மாட்டேங்கா."

"ஃப்ரெண்ட்ஸோட கடைக்குப் போயிருப்பா. பதறாதீங்க."

"அவ அப்படிப் போற பிள்ள இல்ல மிஸ். அவ அப்பாவும் ஆட்டு மந்தையோட வெளியூர்ல இருக்காவ. நான் ஒத்தையில எங்கன போய்த் தேட?"

அடித்துக்கொண்டே கிடக்கும் போன். நான் பீரோவுக்குள் வைத்த போன். அடுப்பை அணைத்தேனா என்று இன்றும் ஞாபகமில்லை. "பாத்துட்டுப் பேசுறேம்மா" என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஆட்டோவில் ஏறி, "அண்ணாச்சி, வேகமா, வேகமா" என்று சொல்லிக்கொண்டே போனேன். "இதுக்கு மேல முறுக்குனா கைப்பிடி கையோட வந்துரும் மேடம்" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு நாள். ஜன்னல் இல்லாத அறை. அந்த அம்மா கூப்பிடாமல் இருந்திருந்தால்?

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வாசல் காவலாளி, "என்ன மேடம், பொரிய மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். நான் ஓடிக்கொண்டிருந்தேன். நனைந்த கரிசல் மண் செருப்பில் அப்பி, காலைத் தூக்கவே முடியவில்லை. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினேன்.

இருட்டறைக் கதவைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தமே இல்லை. போன் வெளிச்சத்தில் பார்த்தேன். மேஜைக்கு அடியில், ரெக்கார்டு நோட்டைத் தலைக்கு வைத்து, கருவிகளை மூடும் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். குனிந்து தோளைத் தொட்டேன்.

"ரீடிங் எடுத்துட்டேன் மிஸ்!" என்று துள்ளி எழுந்தாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் மிஸ் அழுவுதீங்க?"

நடந்ததைச் சொன்னேன். அவள் பயப்படவில்லை. "வீட்டுல விட்டுட்டுப் போன செனை ஆடுக பத்து நாளா ஒவ்வொண்ணா குட்டி போடுது மிஸ். அம்மாவும் நானும் மாத்தி மாத்தி முழிச்சிருக்கோம். இங்கன இருட்டா, சத்தமில்லாம இருந்துச்சா, அஞ்சு நிமிசம்னு சாஞ்சேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் மிஸ் நல்லாத் தூங்குனேன்."

காலையில் நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு, "நான்தாம்மா தெரியாம பூட்டிட்டேன். உள்ள தூங்கிட்டா" என்றேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். அந்த அம்மா கேட்டது இதுதான்:

"நல்லாத் தூங்குனாளா மிஸ்? ரெண்டு மணி நேரமாச்சும் தூங்கியிருப்பாள்லா?"

இத்தனை வருடத்தில் என் மகளைப் பற்றி யாரிடமும், ஏன், அவளிடமே கூட, நான் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

வாசலில் காத்திருந்த அதே ஆட்டோவில் அந்தப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினேன். விடுமுறை முடிவதற்குள் என் மகளின் அறைக் கிழக்கு ஜன்னலுக்குத் தடித்த திரை வாங்கி மாட்டினேன். அவளிடம் போனில் சொன்னேன். "நெசமாவா? எழுப்ப மாட்டீங்களா?" என்று கேட்டாள். "எழுப்ப மாட்டேன்" என்றேன். "பாப்போம்மா" என்றாள். அதற்குப் பிறகு ஒருமுறை வந்தாள். ஒரே ஒரு ராத்திரி தங்கினாள். மறுநாள் காலை நான் விழிக்கும் முன்பே எழுந்து, குளித்து, புறப்படத் தயாராக இருந்தாள்.

இப்போதெல்லாம் இருட்டறையைப் பூட்டும் முன் மூன்று முறை சத்தமாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும், வெயில் ஏறிய பிறகும் என் மகள் அந்த ஜன்னல் திரையின் இருட்டில் அசந்து தூங்குவதை அறை வாசலில் நின்று பார்க்கும் ஒரு காலை எனக்கு வாய்க்காதா என்று மனம் ஏங்குகிறது.