பதிவேட்டில் ஏறாத ஏழு சத்தங்கள்

செஞ்சிக்கு வெளியே இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கப் போன முதல் நாள், புது வருகைப் பதிவேடு ஒன்றையும் வாங்கிப் போனேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பதிவேடு கையில் இருந்தால்தான் வாத்தியார் என்று ஓர் எண்ணம்.

அதைத் திறந்ததும், விளையாடிக்கொண்டிருந்த ஏழு பிள்ளைகளும் சட்டென்று வரிசையில் நின்றார்கள். பெயர் கேட்டேன்.

"பதினாலாம் நம்பர் வீடு, சேர்" என்றாள் முன்னால் நின்ற பத்து வயதுக்காரி.

அதிகாரி வந்து ஆள் சரிபார்க்கும்போது இப்படித்தான் வரிசையில் நின்று வீட்டு நம்பர் சொல்வார்களாம். ஏழு பேரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். பதிவேட்டை மூடிப் பையில் போட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு விளையாட்டு. ஆளுக்கொரு சத்தம், அவரவரே உண்டாக்கியது. நான் ஒரு சத்தத்தை வாசித்தால், அதற்கு உரியவர் ஓடி வந்து, இருக்கும் மூன்று வயலின்களில் ஒன்றை எடுத்து அதையே திருப்பி வாசிக்க வேண்டும். அந்தப் பத்து வயதுக்காரியுடையது அடிக்கம்பியில் விரலால் இரண்டு சுண்டு, மேல்கம்பியில் வில்லால் ஒரு நீள இழுப்பு. "கோட்டையில ரெண்டு படி ஏறுறன், மிச்சம் பறந்து போறன்" என்றாள்.

வீட்டில் என் நைனாவுக்குப் பிடிக்கவில்லை. "ஏன்டா, பிடில தூக்கினு கேம்புக்குப் போறியே, நம்ம ஊர்ப் புள்ளைங்களுக்கு இன்னா, காது கேக்காதா?"

"அதுங்களும் நம்ம ஊர்ப் புள்ளைங்கதான் நைனா."

சில மாதம் கழித்து, நகரத்தில் ஒரு விழாவில் வாசிக்கப் பிள்ளைகளை அழைத்தார்கள். நோட்டீசில் 'அகதிக் குழந்தைகள்' என்று மட்டும் இருந்தது. பெயர்களைச் சொல்லச் சொல்லி அமைப்பாளரிடம் கேட்டேன். "அகதின்னு சொன்னாத்தான் சார் ஜனங்க கை தட்டுவாங்க. டென்ஷன் பண்ணாதீங்க."

"என்ர பேரைச் சொல்லாட்டி வாசிக்க மாட்டன்" என்றாள் அவள்.

மேடை கிடைத்ததே பெரிது என்று சமாதானம் சொன்னேன்.

"அப்ப உங்கட பதிவேட்டையே திறவுங்கோ, சேர். வீட்டு நம்பரைச் சொல்லுறம்."



விழாவில் அமைப்பாளர் மைக்கில் நோட்டீசை அப்படியே படித்தார். மேடையில் உட்கார்ந்திருந்த ஏழு பேரில் ஒருவரும் வில்லைத் தொடவில்லை. மேடைக்குக் கீழே நின்ற நான் என் வயலினில் அவள் சத்தத்தை வாசித்தேன். அவள் பதில் வாசித்தாள். அடுத்த சத்தம், அடுத்த பதில். வயலின்கள் கை மாறின.

"இன்னாப்பா, இன்னும் சுருதியே சேரலயா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

அமைப்பாளர் மேடை ஓரத்துக்கு ஓடி வந்தார். "ஆரம்பிக்கச் சொல்லுங்க சார்!"

"பேரைச் சொல்லுங்க, ஆரம்பிப்பாங்க."

"ஏழு பேரையுமா?"

"ஏழு பேரையும்."

அவள் எழுதி மடித்து வைத்திருந்த தாளை நீட்டினாள். மைக்கில் படிக்கும்போது மூன்றாவது பெயரில் அவர் தடுமாறினார். "அப்படியில்ல" என்று திருத்தி, மறுபடி படிக்க வைத்தாள். ஏழாவது பெயரையும் படித்து முடித்த பிறகுதான், விழாவுக்கான பாட்டுக்கு வில்லை எடுத்தாள்.