ஃபெயிலான சிஸ்டர்

டயாலிசிஸ் நர்ஸ் வேலையில் ஒரு சங்கடம், எங்கள் நோயாளிகள் குணமாகி வீட்டுக்குப் போவது கிடையாது. மற்ற வார்டுகளில் காய்ச்சல் இறங்கும், தையல் பிரிப்பார்கள், நர்ஸுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எங்களிடம் வருகிறவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தே ஆக வேண்டும். கையில் ஊசியோடு நாலு மணி நேரம் சாய்நாற்காலியில் கிடப்பார்கள். ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும்வரை அவர்களுக்கு எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆகவே அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்ப்பதற்கான லைசென்ஸ் தேர்வில் நான் தோற்றதை, புதுச்சேரி முதலியார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் யாரிடமும் மறைக்க முடியவில்லை.

இப்படி ஒரு தேர்வில் தோற்று, மறுநாள் காலையில் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் நின்றது

தேர்வு சென்னையில். கம்ப்யூட்டர்தான் கேள்வி கேட்கும். நாம் சொல்லும் பதிலை வைத்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். இவள் தேறுவாள், அல்லது தேறமாட்டாள் என்று அதற்கு உறுதியானதும் தானாக நின்றுவிடும். எனக்குச் சீக்கிரமே நின்றுவிட்டது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் "நல்லா எழுதியிருக்கேன்" என்று மெசேஜ் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்த மெயிலில் ஒரே ஒரு வார்த்தைதான் என் கண்ணில் பட்டது.

எங்கள் யூனிட்டில் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவர் முருகவேல். நான் அவரிடம் போய், "அவ்ளோ சீக்கிரம் நின்னுச்சே, பாஸ்னுதானே நெனைச்சேன்" என்று புலம்பினேன். அவர் டியூபைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நம்ம மெஷின் பாதியில நின்னா இன்னா சிஸ்டர் அர்த்தம்? எங்கியோ அடைச்சிக்கிச்சின்னுதானே. அதுவும் மெஷின்தான்."

கட்டில்

என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ் கத்தாரில் ஏசி மெக்கானிக். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் லீவில் வந்த நாட்களையெல்லாம் கூட்டினால்கூட ஒரு வருஷம் தேறாது. எங்கள் மகள் மிஷெலுக்கு அப்பா என்றால் போன்தான். நர்ஸ் விசாவில் போனால் குடும்பத்தையே கூட்டிப் போகலாம் என்பதற்காகத்தான் இந்தத் தேர்வே. நான் பாஸாகிவிடுவேன் என்று நம்பி, காண்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டாம் என்று அவர் கம்பெனியில் சொல்லிவிட்டிருந்தார். ஊருக்கு வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வார், நான் விசா வேலைகளை முடிப்பேன், பிறகு மூன்று பேரும் ஒன்றாகப் போவோம் என்பது திட்டம்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொண்டு போன் செய்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதே. விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. பின்னால் யாரோ இந்தியில் பேசுவது கேட்டது. அப்புறம் சொன்னார்: "பரவால்ல ஜெசி. கம்பெனி ரூம்ல என் கட்டில இன்னும் யாருக்கும் குடுக்கல."

நான் தேறிய பகுதி

தோற்றவர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்புவார்கள், எந்தப் பகுதியில் நாம் மட்டம் என்று. எனக்கு மருந்து, ஆபத்தைத் தடுப்பது, யாரை முதலில் கவனிப்பது எல்லாமே மட்டம். நோயாளியின் மனசைக் கவனிக்கும் பகுதி மட்டும் தேர்ச்சி. அதில் ஒரு விதி உண்டு. பயந்திருக்கும் நோயாளியிடம் "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாகிடும்" என்று சொன்னால் அந்தப் பதில் எப்போதும் தப்பு. "உங்களுக்குப் பயமா இருக்குதுன்னு தெரியுது, அதப் பத்திச் சொல்லுங்க" என்பதுதான் சரி. நாங்களோ காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்தத் தப்பான பதிலைச் சொல்லித்தான் பிழைக்கிறோம்.

மறு தேர்வுக்குப் பழகிக்கொள்ளலாம் என்று ஒருநாள் சரியான பதிலைச் சொல்லிப் பார்த்தேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ராமலிங்கம் எங்கள் பழைய நோயாளி. அன்று அவருக்குப் பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. அவர் மனைவி சாவித்திரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமாக "ஒண்ணும் ஆகாதும்மா" என்றுதான் சொல்வேன். அன்று சாவித்திரியின் கையைப் பிடித்து, "உங்களுக்குப் பயமா இருக்குது. எதுவானாலும் எங்கிட்ட சொல்லுங்க" என்றேன். அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னா சிஸ்டர், டாக்டர் கைவிரிச்சிட்டாரா?"

கப்ரால் பரீட்சை

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எங்கள் யூனிட்டுக்கும் ஒரு சொல்தா வந்துகொண்டிருந்தார், லூர்துசாமி என்று பெயர். சட்டையை இஸ்திரி போட்டுத்தான் டயாலிசிஸுக்கே வருவார். என் விஷயம் அவருக்கும் தெரிந்துபோனது. ஒருநாள் நான் ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது, சிப்பாய்க்கு அடுத்த படியான கப்ரால் பதவிக்கான பரீட்சையில் தானும் இரண்டு தரம் விழுந்ததாகச் சொன்னார். கூடப் படித்தவர்கள் சிரித்தார்களாம். விடாமல் மூன்றாம் தரம் எழுதினாராம். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "அப்புறம் பாஸ் பண்ணிட்டீங்க இல்ல, மிஸ்யே?" என்றேன்.

"பண்ணேன். அதனாலதான் ஆப்பிரிக்காவுல சண்டைக்கு அனுப்புனான். ஃபெயிலானவன்லாம் பிரான்சுலயே, மார்செய்ல சமையக்கட்டுல உக்காந்து ரொட்டி தின்னான்."

அம்மாவின் முடிவு

கலைச்செல்வி பாகூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். விவசாயக் குடும்பம், அப்பா இல்லை. காலேஜ் முடிக்கும் முன்பே இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. அம்மாவோடு பஸ்ஸில் வருவாள். எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிட, அவள் மட்டும் என்னை அக்கா என்பாள். என் போனை வாங்கி வைத்துக்கொண்டு, மறு தேர்வுக்கு நான் படிக்கிற கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிப்பாள். மருந்துப் பெயர்களை எழுத்துக் கூட்டுவாள். நான் தப்பாகச் சொன்னால் உச்சுக் கொட்டுவாள். எனக்கு அதில் பயன் இருந்ததோ இல்லையோ, அவளுக்கு நாலு மணி நேரம் போய்விடும்.

அவளுக்கு அம்மா சிறுநீரகம் கொடுப்பதாக இருந்தது. கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பல தடவை அலைந்து டெஸ்ட்டெல்லாம் எடுத்தார்கள். கடைசி முடிவு வந்த மறுநாள் கலை வழக்கம்போல வந்தாள், வழக்கம்போல என் போனைக் கேட்டாள். கேள்வியை வாசிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை இருந்திருக்கிறது, அவருக்கே தெரியாமல். அவர் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "எங்கம்மாவும் ஃபெயிலுக்கா. ஆனா அதுக்கு மறு பரீட்சை கெடையாதாம்."

அதே கிளாஸ்

மிஷெல் ஸ்கூல் ஹோம்வொர்க் எழுதும் மேஜையில்தான் நானும் படிப்பேன். விடியற்காலையில் எழுந்து, கோயில் மணி அடிக்கும்வரை படித்துவிட்டு, அப்புறம் சமையல், அவள் ஜடை, டியூட்டி. அவள் எழுந்து வரும்போது நான் அதே புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவள் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். அம்மா என்ன செய்கிறாள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

"நான் தேர்ட் ஸ்டாண்டர்டு போய்ட்டேன்பா. அம்மாதான் இன்னும் அதே கிளாஸ்ல இருக்காங்க."

வரிசைப்படி

அதற்குப் பிறகு கலை வருவது குறைந்துபோனது. ஒருநாள் பஸ் கிடைக்கவில்லை என்பாள், இன்னொரு நாள் தலைவலி என்பாள். நான் போன் செய்தால் அவள் அம்மா எடுத்து, "எழுந்திருக்க மாட்டேன்னுது சிஸ்டர்" என்பார். தொடர்ந்து இரண்டு முறை வராமல் இருந்துவிட்டாள். அடுத்த முறை அவள் அம்மாவும் ஆட்டோக்காரருமாக அவளைத் தாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். கால் தரையில் ஊன்றவில்லை.

டயாலிசிஸ் தவறினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். முதலில் கைகால் தளரும், அடுத்தது இதயம். தேர்வுக்கு நான் படித்த கேள்விகளிலேயே மனப்பாடமாகத் தெரிந்த கேள்வி அது. இதை எனக்கு வாசித்துக் காட்டியதே அவள்தான். முதலில் இதயத் துடிப்புக்கு மானிட்டர் போட்டேன். டாக்டரைக் கூப்பிட்டேன். கால்சியம் ஊசி எடுத்து வைத்தேன், டாக்டர் வந்து போட்டார். முருகவேல் மெஷினைத் தயார் செய்துவிட்டார். எதுவும் வரிசை மாறவில்லை. கையில் ஊசி குத்தியாகிவிட்டது, மெஷினோடு இணைப்பதற்குள் துடிப்பு நின்றது. மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினோம். டாக்டர் போதும் என்று சொன்ன பிறகும் நான் இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தியதாக முருகவேல் பின்னால் சொன்னார். எனக்கு அது நினைவில்லை.

அவள் அம்மா உள்ளே வந்தார். மகளின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டார். நான் அவள் கையிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, ரத்தம் கசியாமல் இருக்கப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி அந்தக் கை முழுக்க மேடாக இருக்கும். அந்த அம்மா என் விரல்களை மெதுவாக விலக்கினார். "வுட்ருங்க சிஸ்டர். இனிமே அந்தக் கையில யாரும் குத்த வேணாம்."

லீவு

மறு தேர்வுக்கு நாள் குறித்திருந்தது. என்னால் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. திறந்தால் எல்லாக் கேள்வியும் அவள் குரலில் கேட்டது. அவளுடைய நாற்காலியை அந்த வாரமே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுக்காமல் எப்படி, எத்தனையோ பேர் இடத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

இன்சார்ஜ் சிஸ்டர் புஷ்பாவிடம் போய், நான் தேர்வுக்குப் போகவில்லை, லீவை ரத்து செய்துவிடுங்கள் என்றேன். அவர் யாருக்கும் சுலபமாக லீவு கொடுக்கிறவர் இல்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். நான் அழுது முடிக்கும்வரை அவர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அழுவறதுன்னா சென்னைக்குப் போய் எழுதிட்டு வந்து அழு. டியூட்டி ரோஸ்டர் போட்டாச்சி, மாத்த முடியாது."

மெயில்

போனேன். இந்தத் தடவை கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை. கடைசிக் கேள்வி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. பாதிக்கு மேல் எதற்கு என்ன பதில் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. வெளியே வந்து யாருக்கும் மெசேஜ் அனுப்பவில்லை. பஸ்ஸில் திண்டிவனம்வரை தூங்கினேன்.

மெயில் வந்தபோது நான் டியூட்டியில் இருந்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில்தான் திறந்தேன். பாஸ். திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, கைகழுவும் இடத்தில் நின்றபடி கத்தாருக்குப் போன் செய்தேன். நான் தோற்ற வாரத்திலேயே அவர் கம்பெனியில் போய்க் கேட்டு, மேலும் இரண்டு வருஷத்துக்குக் காண்ட்ராக்ட் போட்டுவிட்டிருந்தார். நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. அது எங்கள் இருவருக்குமே தெரியும், தெரிந்துதான் பேசிக்கொண்டிருந்தோம். வெல்டிங் சத்தத்துக்கு நடுவில் அவர் சொன்னார்: "ரொம்ப சந்தோஷம் ஜெசி. இதே மெயில் போன தடவ வந்திருந்தா, நான் இந்நேரம் ஊருக்கு வந்திருப்பேன்."

ஊசி

பாஸானதையும் யூனிட்டில் மறைக்க முடியவில்லை. முருகவேல் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். விசா வரிசை ஆமை வேகத்தில்தான் நகரும், நான் கிளம்ப இன்னும் எவ்வளவு காலம் ஆகுமோ தெரியாது என்று எவ்வளவோ சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. சொல்தா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். ராமலிங்கம் கண்ணை மூடிப் படுத்திருந்தார், தூக்கமா என்று தெரியவில்லை. அவருக்கு ரத்தக்குழாய் கிடைப்பது கஷ்டம். வேறு யாராவது போட்டால் மூன்று நாலு குத்து வாங்குவார். அவர் மனைவி சாவித்திரி எனக்குக் கைகொடுத்தார். கையை விடாமலே, கணவருக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "நல்லா இருங்க சிஸ்டர். ஆனா நீங்க போறதுக்கு முன்னால இவரு போய்ட்டாருன்னா நல்லது. வேற யாரு குத்தினாலும் இவரால தாங்க முடியல."

தோற்றபோது எனக்கு ஆறுதல் சொல்ல யூனிட் நிறைய ஆள் இருந்தது. பாஸான நாளிலிருந்து ஒவ்வொரு நாற்காலியாகப் போய் நான்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.