பீஸ் கட்டையைப் பிடுங்கியும் அடித்த கரண்ட்

கூடுவாஞ்சேரியில் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர் தானும் அதே வளவில் இருந்துகொண்டு நாலு குடித்தனம் வைத்திருந்தார். நாலு வீட்டுக்கும் வயரிங் செய்தது அவர் தம்பி. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். "மெதுவா சொல்லு ஆயா" என்கிறாள். இதில் என்ன மெதுவு?

நானும் மருமகளும் இட்லி மாவு அரைத்து விற்றோம். சாயங்காலம் ரயிலை விட்டு இறங்குகிற ஆபீஸ் பெண்கள் தூக்குச்சட்டியோடு வந்து நிற்பார்கள். அப்படிப் பொங்கும் எங்கள் மாவு! உளுந்தைத் தனியாக அரைக்க வேண்டும், தெரியுமா? அது கிடக்கட்டும்.

கிரைண்டருக்கான சுவர் சுவிட்ச் உடைந்து வெகுநாள். வீட்டுக்காரர் மாற்றித் தரவில்லை. பீஸ் கட்டையைச் செருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். உள்ளே கை விடுமுன் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வோம். கட்டை நம்மிடம் இருந்தால் கரண்ட் வராது என்றுதான் ஊரே நம்பியது.

அன்றும் மருமகள் அப்படித்தான் செய்தாள். தொட்டதும் தூக்கிச் சுவரில் அடித்தது. மூச்சு திரும்பி அவள் கண் திறந்தபோதும் கட்டை இடுப்பிலேயே இருந்தது.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தார்.

"ஈரக் கையோட தொட்டா அடிக்காம கொஞ்சுமா?"

எப்போதும் அவரை அண்ணாத்த என்பேன். அன்று நீ என்றுதான் வந்தது.

"கட்டை இதோ கீது. அப்புறம் கரண்ட் எங்கேர்ந்து வந்துச்சு? உன் தம்பி வூட்லேர்ந்தா?"

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் என் மகன் அன்று வீட்டில் இருந்தான். டெஸ்டரைக் கிரைண்டர்மேல் வைத்தான். கட்டை இல்லாமலே டெஸ்டர் விளக்கு எரிந்தது.

"கரண்ட் வர்ற பேஸ் ஒயரு நேரா மோட்டாருக்குப் போவுதும்மா. பீஸை அது திரும்பிப் போற நியூட்ரல் ஒயர்ல வெச்சிகீறாங்க. பிடுங்குனா மிஷின் நிக்கும், கரண்ட் நிக்காது. மோட்டாருக்குள்ள தண்ணி வேற எறங்கிகீது. எர்த்தும் இல்ல."

"எந்த ஒயர்ல வெச்சா இன்னாப்பா? மிஷின் நிக்குதா இல்லியா?" என்றார் வீட்டுக்காரர்.

"அப்போ நீ தொடு. செருப்பக் கழட்டிட்டு வந்து தொடு!" என்றேன்.

மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மற்ற மூன்று வீட்டிலும் அதே தம்பி கைவேலைதானே? பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு வாஷிங் மிஷினில் துணி எடுப்பாள். போய் எல்லா வீட்டுக்கும் பொதுவான மெயினை இறக்கினேன்.

"எல்லா வூட்லயும் மாத்திப் போடற வரிக்கும் இத ஒருத்தரும் தூக்கக் கூடாது."

சித்திரை வெயில். அவர் வீட்டு பேனும் நின்றது.

"என் பேனு இன்னா பண்ணுச்சு?"

"அதையும் உன் தம்பிதான மாட்டுனான்? போ, வேலை தெரிஞ்ச ஆள இட்டுகினு வா."

பனியனோடு சைக்கிளில் ஏறிப் பறந்தார்.

நான் மெயினுக்குக் கீழே உட்கார்ந்தேன். மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அத்தே, பாதி மாவு உள்ளயே கீது. வீணாப்பூடும்."

"போவட்டும்டி. நீ இங்க குந்து."